திருச்சியில் விடிந்த அமெரிக்க ஓட்டு எண்ணிக்கை

இந்த முறை நான் திருச்சிக்குப் போனது கோயில் பார்க்க அல்ல, ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கொடுக்க. இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம், நீல நிறம். நடுவே ‘கலைச்செல்வி’ என்று வெள்ளை ஆங்கில எழுத்து. அமெரிக்காவில் தேர்தல் வந்தால் இப்படிப்பட்ட பலகையைக் கம்பிக்காலில் மாட்டி வீட்டு முன்புறப் புல்தரையில் குத்தி வைப்பார்கள். கம்பியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து, பலகையை மட்டும் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன்.

கலைச்செல்வி என் தோழி. அமெரிக்காவில் பெரிய ஏரிகளை ஒட்டிய எங்கள் மாநிலத்தில் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். பிறந்தது திருச்சி பாலக்கரை. அமெரிக்காவில் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தவள், இந்த ஆண்டு மாநிலச் சட்டசபைக்கு நிற்க முடிவு செய்தாள். ஏப்ரலிலிருந்து சனி, ஞாயிறு தவறாமல் அவளுக்காகக் கதவு கதவாகத் தட்டினேன். இரண்டு முறை நாய் துரத்தியது. ஜூலைக் கடைசியில் சென்னையில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்ததும், ஓட்டுப் பதிவு நாளில் ஊரில் இருக்க முடியாதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப நீ எங்க அண்ணன்கிட்டப் போயிடு. ரிசல்ட்டைத் தனியா பாத்தா அவரு தாங்க மாட்டாரு. பலகையையும் குடுத்துடு" என்றாள் கலைச்செல்வி. அதனால்தான் இந்தப் பயணம்.

பயணக் கட்டுரையில் அரசியல் எதற்கு என்பவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். அங்கே ஒரே கட்சியில் நான்கு பேர் நிற்க ஆசைப்பட்டால், அவர்களில் யார் என்பதை மக்களே முதலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பெயர் பிரைமரி. நிஜத் தேர்தல் நவம்பரில். இருக்கும் பெரிய கட்சிகள் இரண்டு, ஒன்றுக்குக் கழுதைச் சின்னம், மற்றதற்கு யானை. கலைச்செல்வி கழுதைக் கட்சி. அவளை எதிர்த்து அதே கட்சியில் நின்றவன் இருபத்தொன்பது வயதுப் பையன். வாடகையை உயர்த்தவே கூடாது, பெரிய கம்பெனிகளுக்கு வரியைக் கூட்ட வேண்டும், கட்சியில் பழைய ஆட்கள் எல்லோரும் ஒதுங்க வேண்டும் என்பது அவன் பேச்சு. வீட்டுக்காரர்களும் பிழைக்க வேண்டும், எதிர்த்தரப்பு ஓட்டும் நமக்கு வேண்டும், படிப்படியாகப் போவோம் என்பது இவள் பேச்சு. அவன் அச்சடித்த நோட்டீஸில் இவளை ‘நேற்றைய கட்சி’ என்று போட்டிருந்தான். எனக்கு அவனைப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எழும்பூரில் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு இருக்கை நூற்று எண்பத்தைந்து ரூபாய், ஐந்தேகால் மணி நேரம். திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது மணி ஒன்று. ஜங்ஷனுக்கு எதிரிலேயே மத்தியப் பேருந்து நிலையம். அங்கிருந்து பாலக்கரை இரண்டு கிலோமீட்டருக்குள்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கண்டக்டர் ஒரு சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பார்.

பாலக்கரையில் இறங்கி நான் செய்த முதல் காரியமே தவறாகிவிட்டது. கலைச்செல்வியின் அண்ணன் முருகேசன் தார்ப்பாய், கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு பந்தல் வாடகைக் கடையில் நுழைந்து, அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கனத்த மனிதரிடம் அந்தக் கடை எங்கே என்று கேட்டேன். அவர் என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"தெரியாதுங்க" என்றார்.

திரும்பினால் நேர் எதிரே ‘முருகேசன் தார்ப்பாய்’ என்று ஆளுயர எழுத்தில் பெயர்ப்பலகை.

முருகேசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "வாங்கம்மா வாங்க. அந்தக் கடையிலயா போயி கேட்டீங்க?" என்றவர் சிரிக்கவில்லை. விஷயத்தை டீ வந்த பிறகு சொன்னார். எதிர்க்கடைக்காரர் பெயர் ராஜேந்திரன். இருவரும் ஒரே கட்சி, ஒரே வாளிச் சுண்ணாம்பில் சுவர் விளம்பரம் எழுதியவர்கள். இரண்டு உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் கவுன்சிலர் சீட்டு இருவரும் கேட்டார்கள், கட்சி ராஜேந்திரனுக்குக் கொடுத்தது. முருகேசன் விடவில்லை. பூட்டு சாவிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். கட்சி ஓட்டு இரண்டாகப் பிரிந்து, வார்டிலேயே யாரும் மதிக்காத மூன்றாவது ஆள் ஜெயித்தார். முருகேசனைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அன்றிலிருந்து நடுவே இருக்கும் இருபதடிச் சாலையை இருவரும் தாண்டியதில்லை.

பலகையை எடுத்துக் கொடுத்தேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "கழுதைச் சின்னத்தைப் போடல, நல்லதாப் போச்சு. நம்மூர்ல கழுதைச் சின்னம்னு சொன்னா எவனும் டெபாசிட்டே கட்ட மாட்டான்" என்றார். பிறகு பேனாவுக்குப் பின்னாலிருந்து மடித்த தாள் ஒன்றை உருவினார். அதில் மூன்று சின்னங்களை எழுதி வைத்திருந்தார்: தண்ணீர்க் குழாய், பலாப்பழம், ஆட்டோ.

"கட்சிக்குள்ள தோத்துட்டா சுயேச்சையா நிக்கணும்ல? குழாய்தான் நல்லது, எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். பூட்டு சாவி மட்டும் வேணாம்னு சொல்லுங்க, ராசி கிடையாது."

ஜெயித்தால் தெருமுனையில் கட்ட ஒரு ஃப்ளெக்ஸுக்கும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் மாநிலத்துச் சட்டம் என்ன என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தோல்வியைப் பற்றி முதல் நாளே பேச எனக்கு மனம் வரவில்லை.

அன்று சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை எடுத்தேன். ஆயிரத்து நானூறு ரூபாய், ஏசி உண்டு, வெந்நீர் வாளியில் வரும். ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை இரண்டுக்கும் போக நினைப்பவர்கள் ஜங்ஷன் பக்கம் தங்காமல் இங்கே தங்குவதே வசதி.

புதன் காலை ஐந்தேகாலுக்கு முருகேசன் சத்திரத்தில் காத்திருந்தார். எங்கள் ஊரில் செவ்வாய் இரவு எட்டு மணிக்கு ஓட்டுப் பதிவு முடியும், அது இங்கே காலை ஐந்தரை. எண்ணிக்கை நடக்கும்போது ஆற்றில் முழுகிவிட்டு ரங்கநாதரைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒன்றாம் நம்பர் பஸ். அவருக்குப் பத்து ரூபாய், எனக்கு இலவசம். காவிரிப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது, பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா மண்டபத்தில் இறங்கினால் பெருக்கு முடிந்த மிச்சம் அப்படியே கிடந்தது. வாழை இலை, மஞ்சள் நூல், கருகமணி, நசுங்கிய பழங்கள். துப்புரவுப் பணியாளர்கள் பெரிய துடைப்பத்தோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பியைத் தாண்டாமல் குளியுங்கள், இழுப்பு அதிகம். முருகேசன் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். ஐந்து ஐம்பதுக்கு என் போனில் முதல் எண் வந்தது. தபாலில் வந்த ஓட்டுகளை முதலில் எண்ணுவார்கள். கலைச்செல்வி நன்றாகவே முன்னணியில் இருந்தாள்.

"ஃப்ளெக்ஸ்காரனுக்குப் போன் போட்டு அடிக்கச் சொல்லிடட்டுமா?"

"இன்னும் நிறைய இருக்கு, கொஞ்சம் பொறுங்கண்ணே."

பொறுக்கவில்லை. ஈரத் தலையோடு போன் போட்டு அடிக்கச் சொல்லிவிட்டார்.

மண்டபத்திலிருந்து ராஜகோபுரம் ஒரு கிலோமீட்டர், நடந்தே போகலாம். கோயிலுக்குள் போன் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு போனுக்கு ஐந்து ரூபாய். ஆறே முக்காலிலிருந்து எட்டேகால் வரை எங்களுக்கு உலகமே தெரியாது. சிறப்பு வரிசைக்கு நூறு ரூபாய் என்றார்கள். அவசரமில்லை என்பதால் இலவச வரிசையில் நின்றோம். வழியில் கோயில் யானை எதிரே வந்து நின்று ஆசீர்வாதத்துக்குத் தும்பிக்கையைத் தூக்கியது. எல்லோரும் தலையைக் கொடுக்க, முருகேசன் மட்டும் ஒதுங்கினார்.

"சும்மா நாள்னா பரவாயில்லம்மா. இன்னிக்கு இது எதிர்க்கட்சிச் சின்னம்" என்று என் காதருகே சொன்னார். கலைச்செல்வி மோதுவது யானையோடு அல்ல, சொந்தக் கட்சிக்காரனோடு என்று விளக்கிப் பார்த்தேன். அவர் தலை கொடுக்கவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பட்டர் வீட்டு மாமி ஒருவர், "நித்யம் விடியக்காலம் விஸ்வரூபம் சேவிக்கறவா இங்க கொஞ்சம் பேர்தான். பெருமாளுக்கு இன்னிக்கு என்ன புஷ்பம், என்ன வஸ்த்ரம்னு அவாளுக்குத்தான் மனப்பாடம். ஏகாதசிக்கு வர்ற கூட்டமே வேற" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே எங்கள் பிரைமரிதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் பிரைமரிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர், விடியற்காலையில் எழுந்து வரும் தீவிரப் பற்றுள்ளவர்கள். வேட்பாளரை முடிவு செய்வது அவர்கள், நவம்பரில் வருவதோ ஏகாதசிக் கூட்டம். தீவிரமாகப் பேசுகிறவனுக்கு ஆகஸ்டில் கை தட்டுகிறவர்கள் நவம்பரில் போதுவார்களா என்பதுதான் இப்போது இரண்டு கட்சிகளையும் குடையும் கேள்வி. பையனின் ஆட்களைக் கேட்டால், நடுவழி பேசிப் பேசித்தான் ஜனங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. நான் தட்டிய கதவுகளில் பாதி, ‘யார் வந்தால் என்ன’ என்றுதான் சாத்திக்கொண்டது.

வெளியே வந்து போனை வாங்கினோம். வித்தியாசம் சுருங்கியிருந்தது. உத்தர வீதியில் ஒரு மெஸ்ஸில் பொங்கல், வடை, காபி, இருவருக்கும் நூற்று அறுபது ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம். முருகேசன் வடையைப் பிட்டதோடு சரி. எட்டே முக்காலுக்கு அவள் பின்தங்கினாள். பல்கலைக்கழகப் பக்கத்து ஓட்டுகள் வரத் தொடங்கியிருந்தன, அது பையனின் கோட்டை. போனில் அதே இணையப் பக்கத்தில் யானைக் கட்சி முடிவும் வந்தது. அங்கேயும் பல காலமாக இருந்தவரைத் தோற்கடித்து, அவரைவிடக் கடுமையாகப் பேசுகிற ஒருவர் வந்துவிட்டார். தோற்றவர் தன் ஆட்களை நவம்பரில் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறாராம்.

மலைக்கோட்டை அடிவாரத்து மெயின்கார்டுகேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெப்பக்குளத்து ஓரம் நடந்தபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. எண்ணிக்கை முடிந்திருந்தது. கலைச்செல்வி தோற்றுவிட்டாள். வித்தியாசம் இப்போது நாங்கள் இறங்கிய பஸ்ஸில் இருந்த ஆட்கள் அளவுதான் இருக்கும். இன்னும் ஒரு தெருவில் கதவு தட்டியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

முருகேசன் கலங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "சரி விடுங்கம்மா. குழாயையே கேக்கச் சொல்லுங்க."

இனி மறைக்க முடியாது. "அண்ணே, எங்க மாநிலத்துல பிரைமரில தோத்தவங்க அதே தேர்தல்ல சுயேச்சையா நிக்க முடியாது. சட்டமே இருக்கு" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிக்கவே முடியாதா?"

"முடியாது."

அப்போதுதான் கலைச்செல்வியின் அழைப்பு வந்தது. குளத்துச் சுவரோரம் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பூக்காரர்களும் பூம்பருப்புச் சுண்டல் வண்டியும் போட்ட சத்தத்தில் அவள் குரல் சின்னதாகக் கேட்டது.

"அண்ணே, பாத்தீங்களா?"

"பாத்தேன் பாப்பா."

"அவனுக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிட்டேன். காலையில கட்சி ஆபீஸ்ல எல்லாரும் சேந்து டிபன். நானும் போயி அவன் பக்கத்துல நிக்கப்போறேன்."

"உன்னைக் கண்டபடி நோட்டீஸ் போட்டவன் பக்கத்துலயா?"

"ஆமா. எங்க கதவு தட்டுன லிஸ்ட்டையும் அவன்கிட்டக் குடுத்துடுவேன்."

அந்த லிஸ்ட் என் கையெழுத்து. எந்த வீட்டில் என்ன குறை, எந்தக் கிழவருக்குக் காது கேட்காது என்பதுவரை நான் எழுதியது. எனக்கும் சுருக்கென்றது. முருகேசன் குரல் உயர்ந்தது. "மானம் இல்லையா பாப்பா உனக்கு?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "அண்ணே, நீங்க நின்னீங்கள்ல? என்ன ஆச்சு? நீங்களும் தோத்தீங்க, ராஜேந்திரன் அண்ணனும் தோத்தாரு. அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குன்னு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். நீங்க போகக் கூடாதுன்னீங்க. அந்த நாலு நாளும் மாடியிலயே உக்காந்து கல்யாண மேளத்தைக் கேட்டுட்டுத் திரும்பிப் போனேன். எனக்கு அது வேணாம்."

முருகேசன் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். "கடையில ஆள் இல்ல, நான் போறேன். நீங்க மலை ஏறிட்டு வாங்க" என்று நடந்தார்.

மலைக்கோட்டை நானூற்றுச் சொச்சம் படி. உச்சிப் பிள்ளையார் வரை நிதானமாக ஏற முக்கால் மணி நேரம் வையுங்கள், வெயிலுக்கு முன் ஏறுவது உத்தமம். நான் பத்தேகாலுக்கு ஏறித் தவித்துவிட்டேன். மேலே காற்று நன்றாக இருந்தது. காவிரி, அப்பால் ரங்கம் கோபுரங்கள், இந்தப் பக்கம் கூரைகளின் நெரிசல். அங்கே உட்கார்ந்து கலைச்செல்விமேல் கோபப்பட்டேன். அக்டோபரில் அந்தப் பையனுக்காக நான் கதவு தட்ட வேண்டுமா? அவன் சொல்லும் திசையில் கட்சி போனால் தேறுமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்தால் கட்சி எந்தத் திசையிலும் போகாது என்பது மட்டும் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பாலக்கரை போனேன், விடைபெற்றுக்கொள்ளத்தான். முருகேசன் கடையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃப்ளெக்ஸ்காரர் போன் செய்து, அடித்தாகிவிட்டது, எங்கே கட்டுவது என்று கேட்டிருக்கிறார். "வேணாம், சுருட்டி வைப்பான்னுட்டேன்" என்றார். பிறகு எழுந்தார். செருப்புப் போடவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து ஒதுங்கியது. நானும் பின்னால் போனேன்.

ராஜேந்திரன் அண்டாக்களுக்கு நடுவே அதே இடத்தில் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நம்ம பாப்பா தோத்துட்டா" என்றார் முருகேசன்.

"தெரியும். அஞ்சரையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எதுல?"

ராஜேந்திரன் தன் போனைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் விடியலிலிருந்து பார்த்த அதே ஆங்கிலப் பக்கம். அவருடைய பெரிய விரல் பட்டு எழுத்துகள் பெரிதாகி, கலைச்செல்வியின் பெயர் திரை முழுவதும் நின்றது. "பாப்பா மொத மொத அமெரிக்கா போறப்ப ஏர்போர்ட்டுக்கு என் வண்டியிலதானய்யா போச்சு" என்றார்.

முருகேசன் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு டவுன் பஸ் கூட்டம்தான் வித்தியாசம்."

"அன்னிக்கு நம்ம வார்டு போனதும் அவ்வளவுலதான்" என்றார் ராஜேந்திரன். "உன் ஓட்டையும் என் ஓட்டையும் கூட்டிப் பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன்."

ராஜேந்திரன் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். முருகேசன் உட்கார்ந்தார். பலகையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தவரிடமிருந்து அதை வாங்கிப் பார்த்த ராஜேந்திரன், கம்பிக்கால் எங்கே என்று என்னைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். "பந்தக்காரன்கிட்டக் கம்பிக்கா பஞ்சம்" என்று உள்ளே போனார்.

மூன்றரை மணிக்கு எனக்கு ரயில். திரும்பும் வழியில் அரியலூர் தாண்டியதும், அக்டோபரில் எந்தச் சனிக்கிழமைகள் வேண்டும் என்று கலைச்செல்விக்கு எழுதி அனுப்பினேன். சந்தோஷமாக அல்ல, முனகிக்கொண்டேதான். யானைப் பக்கம் தோற்றவர் இன்னும் வீட்டிலேதான் இருக்கிறார் என்று கேள்வி. எந்தக் கட்சி எங்கே போகும் என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் ஜெயித்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இனி நான் தோற்றவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்றும் பார்ப்பேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு நாள் போதும், இரண்டு நாள் இருந்தால் கால் வலிக்காது. ஆடி மாதம் என்றால் காவிரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ரங்கத்துக்கு விடியற்காலையில் போங்கள், மலைக்கோட்டைக்கு மாலையில். அறை, சாப்பாடு, தரிசனம், பஸ் எல்லாம் சேர்த்து, ரயில் கட்டணம் நீங்கலாக, எனக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய் ஆனது. சத்திரத்திலிருந்து ரங்கத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்பார்கள், பஸ்ஸே மேல்.

பாலக்கரையில் தார்ப்பாய் வாங்க வேண்டி வந்தால் முருகேசன் கடைக்குப் போங்கள். வாசலில் மூங்கிலுக்குப் பக்கத்தில் நீலப் பலகை ஒன்று கம்பிக்காலில் நிற்கும். கண்ணில் படாவிட்டால் எதிரே பந்தல் கடையில் கேளுங்கள், சொல்வார்கள்.